மெத்தையின் பெட்டிகள்

அந்த இடத்தில் அவளை எல்லாரும் மெத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரைக் கேட்டு ஆள் குண்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. புதுக் கம்ப்யூட்டரை அவள் பெட்டிக்குள் வைக்கிற அழகைப் பார்த்துவிட்டுப் பக்கத்து மேஜைக்காரர் வைத்த பெயர் அது. அந்தப் பக்கத்து மேஜைக்காரரின் பெயர் மீசை. அதற்கு விளக்கம் தேவையில்லை.

கேட்டவர் கேட்டபடி கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கிற சின்ன நிறுவனம். முன்னறையில் நாலு பேர் பாகங்களைப் பூட்டி, ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்ப்பார்கள். பிறகு அது பின்னறைக்கு வரும். பின்னறையில் இரண்டே மேஜை. ஒன்று மீசையுடையது. இன்னொன்றில் பதினோரு வருஷமாக மெத்தை.

அவள் பெட்டி கட்டுவதைப் பார்க்க வேண்டும். முதலில் பக்கவாட்டு மூடியைக் கழற்றுவாள். உள்ளே கிராபிக்ஸ் கார்டு என்று கனத்த சமாசாரம் ஒன்று ஒற்றைச் சொருகலில் தொங்கிக்கொண்டிருக்கும். வண்டி குலுங்கினால் முதலில் உயிரை விடுவது அதுதான். அதற்கு முட்டுக் கொடுத்துக் காற்றடைத்த பை ஒன்றைச் செருகிவிட்டு, விரலால் தட்டிப் பார்ப்பாள். ஆடக் கூடாது. பிறகு மூடி, பாலிதீன் உறை, எட்டு மூலைக்கும் ஃபோம், ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்கு மேல் இன்னொரு பெட்டி. கடைசியாக டேப் ஒட்டும்போது அதன் நுனியை மட்டும் சுண்டுவிரல் அகலத்துக்கு மடித்துவிடுவாள். வாங்குகிறவர் கத்தியைத் தேடி வீடெல்லாம் அலையாமல் இழுத்துப் பிரிக்கட்டும் என்று. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. "நம்ம வீட்டுக்கு வந்தா எப்படி இருக்கணுமோ அப்படி" என்பாள்.

தினமும் நாலு மணிக்குக் கூரியர் வண்டி வரும். ஓட்டி வருகிறவனுக்கு நிதானம் என்று பெயர். அவன் மெத்தையின் புருஷன். இதே பின்னறையில்தான் இருவரும் முதலில் பார்த்துக்கொண்டது. அவள் கட்டிய பெட்டியை மற்ற டிரைவர்கள் தொப்பென்று போடுவார்கள்; இவன் மட்டும் தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி கீழே வைத்தான். போதாதா? ஆறே மாதத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது.

ஆனால் வாய்தான் கிடையாது மனுஷனுக்கு. வீட்டில் நூறு வார்த்தை விழுந்தால் தொண்ணூற்றெட்டு அவளுடையது. மீதி இரண்டில் ஒன்று "ம்", இன்னொன்று "சரி". நாலு மணிக்கு உள்ளே வருவான், அவள் மேஜையில் மூடிவைத்திருக்கும் டீயைக் குடிப்பான், ஐந்தாறு பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றுவான், போய்விடுவான். வேன் நிற்பது பக்கத்துச் சந்தில். அங்கே அவன் எப்படி அடுக்குகிறான் என்று மெத்தை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. நாலு மணி அவளுக்குத் தலைக்கு மேல் வேலையுள்ள நேரம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, முதலாளி அந்தச் சாய்வு ஸ்டிக்கரை வாங்கிவந்து தொலைக்கிறவரை.

தீப்பெட்டியில் பாதி அளவு. நடுவில் ஒரு சின்ன ஜன்னல், அதற்குள் வெள்ளை. பெட்டி ஓர் அளவுக்கு மேல் சாய்ந்தால் ஜன்னல் சிவந்துவிடும். பிறகு எந்தக் கொம்பனாலும் அதை வெள்ளையாக்க முடியாது. ஒவ்வொன்றிலும் நம்பர் வேறு, அது பில்லிலும் ஏறிவிடும்; கிழித்துவிட்டு வேறொன்றை ஒட்ட முடியாது. முதலாளி மேஜைக்கு ஒரு கட்டு கொடுத்து, "சிவப்பா இருந்தா வாங்குறவங்க திருப்பி அனுப்பலாம்னு சொல்லிட்டேன். நம்ம வேலை மேல அவ்வளவு நம்பிக்கை" என்றார். மீசை பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டார்.

முதல் வாரமே ஒன்று சிவந்து திரும்பியது. மெத்தை கட்டியது. அடுத்த வாரம் ஒன்று. அதுவும் மெத்தை. மூன்றாம் வாரத்தில் இரண்டு. இரண்டும் அவளுடையவை. திரும்பி வந்த நாலுமே பக்கவாட்டில் கண்ணாடி வைத்த விலை உயர்ந்த கம்ப்யூட்டர்கள். மீசை கட்டிய பெட்டிகளோ அதே வண்டியில், அதே ரோட்டில், வெள்ளை வெளேரென்று போய்ச் சேர்ந்தன.

முதலாளி அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். 

"வண்டி ஒண்ணு, டிரைவர் ஒருத்தர். மாறுறது கட்டுறவங்க மட்டும்தான். பெட்டிக்கு அடி சமமா உக்காரலையோ என்னமோ. நான் என்னம்மா நினைக்கிறது?" அவருக்கும் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. "இன்னும் ஒண்ணு சிவந்துச்சுன்னா, கொஞ்ச நாள் நீ கேபிள் ரூம்ல இரு. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

கேபிள் ரூம் என்றால் நாள் முழுக்கக் கேபிள்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போடுகிற வேலை. ஜன்னல் கிடையாது. அதுகூடப் பரவாயில்லை, பதினோரு வருஷம் பெட்டி கட்டியவளைப் பார்த்து உனக்குப் பெட்டி கட்டத் தெரியவில்லை என்றால் அவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்?

அன்று வீட்டில் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. வண்டியை எங்கயாவது பள்ளத்துல விட்டீங்களா?"

"இல்ல."

"பிரேக்கைப் போட்டு மிதிச்சீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிங்க? மீசை பெட்டியெல்லாம் ராஜா மாதிரி போய் இறங்குது. என் பெட்டி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவன் தட்டைப் பார்த்தபடி, "நல்லாத்தான் கொண்டுபோறேன். உன்னுதை ரொம்ப நல்லா" என்றான்.  அவள் அழுதுகொண்டே பாத்திரம் தேய்த்தாள். அவன் ஈரத்துணியுடன் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்து வைத்தான். காலையில் பார்த்தால் நாற்காலியில் கிடந்த குஷனைக் காணோம். அவளுக்கு இருந்த கவலையில் அதைத் தேடக்கூடத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு கண்ணாடிக் கம்ப்யூட்டர் வந்தது. அதைக் கட்டினாள். முட்டுப் பையை மூன்று முறை எடுத்துச் செருகினாள். பெட்டியை மேஜையில் நிறுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். அடி சமமாகத்தான் இருந்தது. ஸ்டிக்கரை ஒட்டினாள். வெள்ளை. நிதானம் வந்தான், டீயைக் குடித்தான், ஏற்றினான், தள்ளிக்கொண்டு போனான்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "மீசைண்ணே, ரெண்டு நிமிஷம் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். சந்து முனையில் நின்று எட்டிப் பார்த்தாள்.

அவன் முதலில் மீசையின் பெட்டிகளை எடுத்தான். வேனின் பின்பக்கம், தரையோடு தரையாக, நிமிர்த்தி வைத்துப் பட்டை போட்டு இறுக்கினான். அவளுடைய மற்ற இரண்டையும் அப்படியே வைத்தான். ஒரு குறையும் சொல்ல முடியாது. பிறகு கண்ணாடிக் கம்ப்யூட்டரை எடுத்தான். டேப் நுனியின் மடிப்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினான். அக்கம்பக்கம் பார்த்தான். திருட்டு முழி! முன்கதவைத் திறந்தான்.

முன் சீட்டில் அவள் வீட்டுக் குஷன் இருந்தது.

பெட்டியைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்தான். சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினான். அதோடு விட்டானா? சீட்டின் கைப்பிடியைத் தூக்கி, முதுகை மெள்ளப் பின்னால் சாய்த்தான். நிறைமாத கர்ப்பிணியை உட்காரவைக்கிற மாதிரி இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சாய்த்துவிட்டுப் பெட்டியைக் கேட்டான்:

"வசதியா இருக்கா? போலாமா?"

வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு வார்த்தை பேசுகிறவன்!

"ஏங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவன் தலை கதவில் இடித்தது.

அவள் வந்து பெட்டியைப் பார்த்தாள். ஜன்னல் செக்கச்செவேல் என்று இருந்தது.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க! சாஞ்சா சிவக்கும்ங்க அது!"

"சாஞ்சாவா?" அவன் முகம் வெளிறிவிட்டது. "குலுங்கினாத்தான் சிவக்கும்னு நினைச்சேன். பின்னாடி குலுக்கல் ஜாஸ்தி. அதான் உன் கண்ணாடிப் பெட்டியை மட்டும் முன்னாடி... அப்பவும் சிவந்துச்சு. சரி, பத்தலபோலன்னு குஷன் போட்டேன். இன்னும் கொஞ்சம் சாய்ச்சேன்."

"எத்தனை நாளா இப்படி?"

"ஸ்டிக்கர் இப்பதான். முன் சீட்டு..." அவன் காதைச் சொறிந்தான். "கல்யாணத்துலேருந்து."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. அடுத்த நொடி அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. முன் சீட்டில் சரக்கு ஏற்றக் கூடாது என்பது அவன் கம்பெனியில் கண்டிப்பான சட்டம். தெரிந்தால் இந்தப் பக்கமே விட மாட்டார்கள்; வேறு ரூட்டுக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றாள். "இனிமே பின்னாடி வைங்க, சரியாப்போயிடும். இந்த ஒண்ணுக்கு நான் கேபிள் ரூமுக்குப் போயிட்டுப்போறேன். சம்பளம் அதேதான். எனக்கு ஒண்ணும் இல்ல."

அவன் பெல்ட்டைக் கழற்றினான். பெட்டியை எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்தான். வந்த வழியே தள்ள ஆரம்பித்தான்.

"எங்கங்க போறீங்க?"

"உள்ள."

கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். நிதானம் நிற்கவில்லை. பின்னறைக்குள் தள்ளிக்கொண்டு வந்து, முதலாளியைக் கூப்பிடச் சொன்னான். முன்னறைக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால், வியர்த்து விறுவிறுத்து, தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். "அவ கட்டுல ஒரு குறையும் இல்ல. அஞ்சும் நான் பண்ணினது."

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன்யா, எல்லாத்தையும் ஒழுங்கா பின்னாடி வச்சிட்டு அவ கண்ணாடிப் பெட்டியை மட்டும் எதுக்கு முன்னாடி வச்சே?"

அவன் பெட்டியின் டேப் மடிப்பைத் தடவினான். காது இரண்டும் ஸ்டிக்கரைவிடச் சிவந்துவிட்டன.

"அவ கையால கட்டினது. பின்னாடி போட மனசு வரல."

 மீசைதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப நான் கட்டினதைப் போட மட்டும் மனசு வந்துச்சாக்கும்?"

"வந்துச்சுண்ணே" என்றான் நிதானம், உள்ளதை உள்ளபடி. அறையே சிரித்தது. மெத்தை மட்டும் மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒட்டவேண்டிய டேப்பைத் தன் விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தாள். இந்த மனுஷனுக்குத் தன்மேல் ஆசை இருக்கிறதா இல்லையா என்று எத்தனை ராத்திரி யோசித்திருக்கிறாள். இருந்திருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து பெல்ட் போட்டு ஊரெல்லாம் கொண்டுபோயிருக்கிறான்.

முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு பெருமூச்சு விட்டார். "நாலு பேர் புகார் கொடுத்திருக்காங்கப்பா. உங்க கம்பெனிக்குக் காரணம் எழுதித்தான் ஆகணும். எழுதினா உன்னை இங்க விட மாட்டாங்களே?"

"எழுதுங்க" என்றான். "மேஜை அவளுது."

திங்கட்கிழமை முதல் அவனுக்கு வேறு ரூட். ஊரின் அந்தக் கோடியில் துணி மூட்டைகள். எப்படிப் போட்டாலும் உடையாது. மெத்தையின் மேஜை மெத்தைக்கே என்று ஆயிற்று. புது டிரைவர் வந்தான். கெட்டிக்காரன், கெடுபிடியானவன். எல்லாப் பெட்டிகளையும் பின்பக்கம் நிமிர்த்தி வைத்து, பட்டை போட்டு, சட்டப்படி கொண்டுபோனான். வாரம் முழுக்க ஒரு ஸ்டிக்கர்கூடச் சிவக்கவில்லை. முதலாளி எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். அவளும் நன்றி சொன்னாள். நாலு மணிக்கு வாசலைப் பார்ப்பாள், பிறகு தன்னையே திட்டிக்கொண்டு ஆறிப்போன டீயைத் தானே குடிப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு சாப்பிடும்போது நிதானம் தானாக வாயைத் திறந்தான்.

"இன்னைக்குக் கண்ணாடி வச்சது எதுவும் போச்சா?"

"ஒண்ணு போச்சு."

"எங்க வச்சான்?"

"பின்னாடிதான்."

"கட்டினானா?"

"கட்டினான். ஒழுங்காத்தான் கட்டினான். வெள்ளையாவே போய்ச் சேர்ந்துடுச்சாம்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"பாவம்" என்றான்.

"யாரு, அவனா?"

"பெட்டி."