எட்டலை

நேர்காணலுக்குக் கிளம்பிய மனைவியை வீட்டுக்காரர் வாசலில் மடக்கினார்.

"பஸ் ஸ்டாண்டுல மைக் பிடிச்ச கதையை அங்க போய் உளறிக் கொட்டாதே."

"உளற மாட்டேன். உளற மாட்டேன்."

எதையும் இரண்டு தடவை சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். ஆறு வருஷம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராகக் குப்பை கொட்டியதன் மிச்சம் அது. விண்ணப்பத்தில் அந்த ஆறு வருஷத்தை 'பொதுமக்கள் தகவல் மேலாண்மை' என்று வீட்டுக்காரர் பூசி மெழுகியிருந்தார். அதற்கப்புறம் பார்சல் கம்பெனியில் இருபது வருஷம் மாடாக உழைத்து, இப்போதுதான் அதே கம்பெனியின் தலைமை நிர்வாகி நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் வந்திருக்கிறது. அதைக் கோட்டைவிட அவளுக்கும் மனசில்லை.

ஐந்தாவது மாடியில் சேர்மன் நடுவில் உட்கார்ந்திருந்தார், இரண்டு பக்கமும் இரண்டு இயக்குநர்கள்.

"இதுவரைக்கும் நீங்க செஞ்ச பெரிய தப்பு என்னம்மா?" என்றார் சேர்மன்.

வீட்டுக்காரர் மனப்பாடம் செய்ய வைத்த பதில் தயாராக இருந்தது. "அளவுக்கு மீறி உழைக்கிறதுதாங்க."

சேர்மன் கொட்டாவி விட்டார். "நேத்து வந்த நாலு பேரும் இதே தப்பைத்தான் செஞ்சிருக்காங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்காரரை மனசுக்குள் ஒரு ஓரமாக உட்கார வைத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

"ஒரு கல்யாணத்தையே கெடுக்க இருந்தேங்க."

ஒரு நாள் காலை, கல்யாணக் கூட்டம் ஒன்று காத்திருந்த பஸ் எந்த நடைமேடைக்குப் போகிறது என்று அறிவிப்பு அறை ஜன்னல் வழியாக டிரைவரிடம் கேட்டிருக்கிறாள். அந்த மனுஷன் பஸ்ஸுக்கு முன்னால் எக்கி எக்கி ஊர்ப் பலகையை மாட்டிக்கொண்டிருந்தார். "எட்டலை!" என்று கத்தினார். இரைச்சலில் இவள் காதில் "எட்டுல" என்று விழுந்தது. நடைமேடை எட்டு, நடைமேடை எட்டு என்று கணீரென்று அறிவித்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேரும், மாப்பிள்ளையும் சேர்த்துத்தான், எட்டில் நின்ற வேறு ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

"அப்புறம்?" ஒரு இயக்குநர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"சரியான பஸ் மூணுல வந்து நின்னப்பதான் எனக்கு உறைச்சுது. ஓடிப்போய் கேட்ல அந்த பஸ்ஸை மறிச்சு எல்லாரையும் இறக்கினேன். 'தொழில்நுட்பக் கோளாறுன்னு சொல்லிடு'ன்னாரு மேலாளர். எனக்கு மனசு வரலை. தவறு என்னுடையது, தவறு என்னுடையதுன்னு மைக்ல சொல்லிட்டேன். அன்னிக்கே சீட்டைக் கிழிச்சுட்டாங்க."

சொல்லி முடித்த பிறகுதான், இருபது வருஷ உழைப்பை வாயாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று அழுகை முட்டியது.

ஒரு இயக்குநர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சேர்மன் சிரிக்கவில்லை.

"போன மாசம் நம்ம பார்சல் நூறு, ஊர் மாறிப் போச்சு. யார் செஞ்சதுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கலை," என்றவர், ஃபைலை மூடினார். "நாற்காலி உங்களுக்குத்தாம்மா."

அவள் எழுந்திருக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு தடவை மட்டும் கேட்டு நான் பட்டது போதும். இன்னொரு தடவை சொல்லுங்க."

சேர்மன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிறுத்தி நிதானமாக, மறுபடியும் சொன்னார்.