சத்தம் போடாத மிக்ஸி

நுரை பொங்கி ஜாரின் விளிம்புவரை வந்து நிற்கிறது, இரண்டு ஸ்பூன் ஆப்பசோடா, அரை எலுமிச்சம்பழம், கொஞ்சம் வெந்நீர், மலர்க்கொடி செய்வது இப்படித்தான், அப்படியே மிக்ஸியில் வைத்து அரை நிமிடம் ஓட்டினால் பிளேடுக்கு அடியில் இருப்பதும் வந்துவிடும் என்று வந்த புதிதில் சொன்னாள், நான் ஓட்டவில்லை, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கிறேன், அவள் வீட்டுச் சீராக வந்ததெல்லாம் திரும்பிப் போயாயிற்று, மிச்சம் இந்த மிக்ஸி, மூன்று மணிக்கு அவள் தம்பி வருகிறான், சுத்தமாகப் போய்ச் சேர்ந்தால் ஒரு போனாவது செய்வாள், மஞ்சள் கறைதான் போக மாட்டேன் என்கிறது, அப்போது விடிய விடிய கால் சென்டரில் பேசிவிட்டு வந்து ஏழு மணிக்குப் படுக்கிறேன், கல்யாணமாகி ஒன்பதாம் நாள், சட்னிக்கு மிக்ஸியைப் போடுகிறாள், எழுந்து வந்து வயரைப் பிடுங்கி எறிந்தேன், மனுசன் தூங்குறது தெரியலயா, செத்தாத்தான் விடுவியா, அவள் என்ன சொன்னாளோ, நான் அதற்குள் போய்ப் படுத்துவிட்டேன், அதன்பின் நாலு வருஷம் வீட்டில் சத்தமே இல்லை, சட்னி மட்டும் தட்டில் இருந்தது, எப்படி வந்தது என்று கேட்காமல் தின்றேன், தூக்கத்தில் தூரத்தில் ஏதோ இரையும், விமானம் என்று நினைத்துக்கொள்வேன், அவள் வீட்டை விட்டுப் போன அன்றும் தூங்கிக்கொண்டிருந்தேன், எழுப்பவில்லை.

வேலையை விட்டுப் பகலில் விழித்துக் கிடந்தபோதுதான் மாடிவீட்டு ஷகிலா அக்கா சொன்னார்கள், உனக்குத் தெரியாதா தம்பி, உங்க வீட்டு அரவை பூரா எங்க மிக்ஸியிலதான், ரெண்டும் ஒரே கம்பெனி, ஜார் பொருந்திடும், முந்தானையில மூடி எடுத்துட்டு வருவா, என்னடி, புள்ளையத் தூக்கிட்டு வரியான்னு கிண்டல் பண்ணுவோம், படியில் ஏறுகிறாள், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறாள், நான் பார்த்ததே இல்லை, இப்போது பார்க்கிறேன், காலிங் பெல் அடிக்கிறது, அவள் தம்பி ஜெயசீலன், முன்பெல்லாம் மச்சான் என்பான், வாசலிலேயே நின்று சார் என்றான், உள்ளே வந்து மிக்ஸியை வைத்திருந்த பெட்டியைத் திறந்து பார்த்தான், என்ன சார், புதுசாவே இருக்கு, ஓட்டவே இல்லையா, ஜாரக் குடுங்க, அக்கா ஜார மட்டுந்தான் எடுத்துட்டு வரச் சொன்னுச்சு, மிக்ஸி அங்கயே இருக்கட்டும், இனிமே போட்டா எழுந்துக்க அங்க யாரும் தூங்கலன்னு சொன்னுச்சு, ஜாரில் இருந்ததை சிங்க்கில் கொட்டிக் கழுவிக் கொடுத்தேன், மஞ்சள் போகல என்றேன், அது கெடக்கட்டும் சார், படியில் செருப்புச் சத்தம் இறங்கியது, ஜார் இல்லாத மிக்ஸியை வெளியே எடுத்து வைத்து சுவிட்சைப் போட்டேன், வீடு முழுக்கக் கத்துகிறது, எழுந்து வந்து வயரைப் பிடுங்க ஆளில்லை, சிங்க்கில் நுரை ஒவ்வொரு குமிழாக உடைந்து அடங்குகிறது, சத்தம் போடாமல்.