எட்டா, ஒன்பதா

"நெப்டியூனுக்கு அப்பால்..." என்று அவள் ஆரம்பித்ததுதான் தாமதம், ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு கைகள் உயர்ந்தன. மறுபடியும் நிறுத்தச் சொல்கிறார்கள். காலையிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே அவள் விட்டுவிட்டாள்.

கோளரங்கத்தின் குரல் அவள்தான். கூரை இருண்டு நட்சத்திரங்கள் தோன்றியதும் கேட்கிற அந்தக் குரலுக்காகவே திரும்பத் திரும்ப டிக்கெட் வாங்குகிறவர்கள் உண்டு. அந்தத் தொண்டையில்தான் இப்போது ஒரு கட்டி. வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை. "அப்புறமும் பேச்சு வரும்மா. ஆனா இதே குரல் வரும்னு சொல்ல முடியாது" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதுவரை வாயைத் திறக்காமல் இருக்கச் சொன்னார். அவள் கேட்டால்தானே? புதிய காட்சியிலும் தன் குரல் இருந்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, வந்து உட்கார்ந்திருக்கிறாள். புதன் முதல் நெப்டியூன் வரை மளமளவென்று முடிந்தது. புளூட்டோவில் வந்து மாட்டிக்கொண்டது.

காட்சிக்கு எழுதிக்கொடுத்த இரண்டு ஆராய்ச்சியாளர்களுக்கும் அவள் மனசுக்குள் பெயர் வைத்திருந்தாள். ஒருவர் உருண்டைக்காரர். தன் எடையாலேயே உருண்டையாகிச் சூரியனைச் சுற்றினால் அது கோள், பேச்சுக்கே இடமில்லை என்பார். மற்றவர் பாதைக்காரர். தன் பாதையில் கிடக்கிறதையெல்லாம் ஒதுக்கித் தள்ளினால்தான் கோள், புளூட்டோவுக்கு அந்தத் திராணி கிடையாது என்பார். தனித்தனியாகப் பார்த்தால் இருவரும் தங்கமானவர்கள். ஒரே அறையில் உட்காரவைத்தால் போச்சு.

"குறுங்கோள்னே வாசிக்கட்டும். மொத்தக் கோள் எட்டு" என்றார் பாதைக்காரர்.

"ஏன், குள்ளமான மனுஷன் மனுஷன் இல்லையா?" என்றார் உருண்டைக்காரர்.

"உங்க பேச்சைக் கேட்டா அங்க இருக்கிற அத்தனை உருண்டையும் கோளாயிடும். மனப்பாடம் பண்ற பிள்ளைங்க பாவம் சார்!"

அவள் ஒலிவாங்கியில் குறுக்கிட்டாள். "கோளா இல்லையான்னு இன்னும் பேசிக்கிட்டிருக்காங்கன்னு வாசிச்சுடட்டுமா?"

"அது முடிஞ்சுபோன விஷயம்மா" என்றார் பாதைக்காரர்.

"யாரு முடிச்சது?" உருண்டைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வெள்ளிக்கிழமை டாக்டர் அறுக்கத்தான் போறாரு. அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் ஏன் சார் என் கழுத்தை அறுக்கிறீங்க? மிச்சம் இருக்கிறதே இந்தக் கொஞ்சக் குரல்தான்!"

கடைசி வார்த்தை கரகரத்தது. இருவருக்கும் முகம் தொங்கிப்போனது. "மன்னிச்சுக்கம்மா, ரெண்டே நிமிஷம்" என்றார் பாதைக்காரர். அப்புறம் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள், இந்தத் தடவை மெதுவாக. அட கடவுளே, இவர்களை என்னதான் செய்வது!

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். சத்தமெல்லாம் அடங்கி, கண்ணாடிக்கு அப்பால் வாய்கள் மட்டும் அசைந்தன. ஒலிப்பதிவாளரைப் பார்த்து, போடுங்கள் என்று சைகை செய்தாள். அவர் அந்த இருவரையும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"நெப்டியூனுக்கு அப்பால் ஒரு சின்ன உலகம் இருக்கிறது. உறைந்துபோன சமவெளி உண்டு, பனிமலைகள் உண்டு, கூடவே ஐந்து நிலவுகள். அங்கிருந்து பார்த்தால் நம் சூரியன்..."

வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வாயைத் திறந்தாள். அதே காற்று. ஒலிப்பதிவாளர் பதிவை நிறுத்தாமல் காத்திருந்தார்.

அந்தப் பக்கம் உருண்டைக்காரர் பாதைக்காரரின் முதுகில் தட்டிக்கொடுத்தார். இருவரும் வாயெல்லாம் பல்லாக அவள் பக்கம் திரும்பி, இனி வாசிக்கலாம் என்று கட்டைவிரலை உயர்த்தினார்கள்.