சீட்டாட்டப் பெட்டி

முனியப்பன் மாமா வாசலில் கோஷம் போட்டது எங்கள் முட்டாள்தனம். கோலார் தங்கவயலில் எதற்கும் அதுதான் பழக்கம். சுரங்கத்தில் கூலிப் பிரச்சினையா, குழாயில் தண்ணீர் வரவில்லையா, பேனர் பிடித்து உட்கார்ந்துவிடுவோம். அதே மாதிரி 'சுனிதாவைப் படிக்க விடு' என்று எழுதிக்கொண்டு நானும் என்னோடு படிக்கிற ஷெர்வினும் இன்னும் சில காலேஜ் பெண்களும் அவர் வீட்டு முன் உட்கார்ந்தோம். சுரங்கக்காரர்களுக்காக வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒருவர் தும்மினால் கடைசி வீடு வரை கேட்கும். எல்லோரும் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். மனிதருக்கு மானம் போய்விட்டது. கம்பெனிக்காரனுக்குப் போடுகிற கோஷத்தைப் பெற்ற அப்பனுக்குப் போட்டால் இறங்கி வருவாரா?

"அது இன்னா மாதிரி ரயிலுன்னு எனக்குத் தெரியும் வாணி. தெனம் பெங்களூர் போய் வர்றவன் நான். ரயில்ல போய்ப் படிக்கிற படிப்பு என் பொண்ணுக்கு வாணாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

சுனிதா பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியவள். கர்நாடகாவில் பத்தாவதுக்கு மேல் காலேஜ்தான்; அவள் கேட்ட பாடம் ரயிலில் போகிற தூரத்திலிருந்த பங்காரப்பேட்டை காலேஜில்தான் கிடைத்தது. அம்மா ரத்தினம்மா ஓசையில்லாமல் கூட்டிப்போய்ச் சேர்த்தும்விட்டார். ஆனால் வகுப்பு தொடங்கிய பிறகும் அவள் போகவில்லை. நாளைக்கும் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று காலேஜிலிருந்து போன் வந்திருந்தது.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ரயில் எப்படி என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? பெண்கள் ஏறினால் கேலியாகப் பாட்டுப் பாடுவதே அவரோடு சீட்டாடுகிற செட்டுதான். அவர் பாடமாட்டார். சீட்டைக் கலைத்துக்கொண்டே சிரிப்பார்.

மறுநாள் காலையில் ரத்தினம்மா மகள் கையில் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்து எங்களோடு அனுப்பிவிட்டார். மாரிகுப்பம் ஸ்டேஷனில் வண்டி நின்றிருந்தது. முனியப்பன் செட்டு உட்காரும் இடத்தில் வழக்கம்போல ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு வைத்திருந்தார்கள். போட்ட கர்ச்சீப்பை எங்கள் ரயிலில் யாரும் தொடமாட்டார்கள். நான் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு சுனிதாவை ஜன்னலோரம் உட்காரவைத்தேன்.

மாமா ஏறினார். பின்னால் அவருடைய கூட்டாளி ஹரோல்ட்.

"எறங்கு."

"மாட்டேன்பா." அவள் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒனக்குத் தெரியாதும்மா. இந்த ரயில்ல வர்றவனுங்க எப்பிடிப்பட்டவனுங்கன்னு..."

"யாருப்பா? ஹரோல்ட் அங்கிளா?"

ஹரோல்ட் தன் செருப்பைப் பார்த்தார். வண்டி கிளம்பிவிட்டது. எதிரே இடம் காலியாக இருந்தும் மாமா உட்காராமல் நின்றுகொண்டே வந்தார்.

உரிகம் ஸ்டேஷனில் நர்சிங் படிக்கிற இரண்டு பெண்கள் ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே அந்தச் செட்டின் பாட்டுக்காரன் நந்தகுமார் ஏறினான். நடந்தது எதுவும் தெரியாமல், அந்தப் பெண்களைப் பார்த்து வழக்கம்போல ராகத்தை இழுத்தான்.

"டேய், வாய மூட்றா! என் பொண்ணு ஒக்காந்துக்கினு இருக்குது!"

மாமா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. நந்தகுமார் பாட்டைப் பாதியில் நிறுத்தினான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த இரண்டு பெண்களும் போன வருஷத்திலிருந்து இதே பெட்டியில்தான் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள்.

அன்று சீட்டுக்கட்டு வெளியே வரவில்லை. பங்காரப்பேட்டை வந்ததும் மாமாவே பையை எடுத்து மகளிடம் கொடுத்தார்.

"நாளையிலேர்ந்து என் பக்கத்துலயே ஒக்காரு. நீ இருக்கச்சொல்ல ஒருத்தனும் வாயத் தொறக்கமாட்டான்."

சுனிதா பையை மாட்டிக்கொண்டாள். நர்சிங் பெண்கள் இறங்க வழிவிட்டு, அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் வராத நாள்லயும் தொறக்க வாணாம்னு சொல்லுப்பா."