பக்கத்து வீட்டுக்குப் போகும் மாதா

மத்தியானத்திலிருந்து கத்தரினா டீச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூட்டிய முற்றத்தைத் திரும்பவும் கூட்டினாள். கதிரைகளைச் சுவரோரமாக அடுக்கினாள்; அதுவும் பிடிக்காமல் வட்டமாகப் போட்டாள். முன் அறை மேசையில், வெள்ளைத் துணிக்கு மேல் மாதா சுரூபம் நின்றது. நேற்றுப் பின்னேரம் வந்தது. இன்று பின்னேரம் போக வேண்டும். போகவேண்டிய வீடுதான் அவளுக்குத் தொண்டையில் மாட்டிய முள்.

ஒக்டோபர் வந்தால் அந்தக் கரையோர ஊரில் மாதா வீடு வீடாகப் போவார். ஒரு வீட்டில் ஓர் இரவு. மறுநாள் பின்னேரம் சனம் அங்கே கூடிச் செபமாலை சொல்லும். வீட்டுக்காரர் வேதாகமத்தில் ஒரு பகுதியை வாசித்து நாலு வார்த்தை விளக்கம் சொல்வார். பிறகு அவரே தன் கையால் சுரூபத்தைத் தூக்கிப்போய் அடுத்த வீட்டுக்காரரின் கையில் கொடுக்க வேண்டும். கத்தரினாவுக்கு அடுத்த வீடு பீற்றருடையது.

கச்சான் காற்று பேயாக அடித்த இந்த வருஷ ஆனி மாதத்தில், கடலுக்குப் போகவேண்டாம் என்று றேடியோ கத்திக்கொண்டிருக்க, பீற்றர் வள்ளத்தை இறக்கினான். கூடப் போனவன் கத்தரினாவின் ஒரே மகன் டிலக்‌ஷன். திரும்பி வந்தது பீற்றர் மட்டும். மகனை அவள் சிலாபம் ஆஸ்பத்திரியில், துணி போர்த்திய பிறகுதான் பார்த்தாள். அன்று முதல் பீற்றரின் பெயரை அவள் வாயில் எடுப்பதில்லை. அவனும் அன்று முதல் கடலுக்கும் போவதில்லை, கோவிலுக்கும் போவதில்லை. அடைந்து கிடக்கட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு வெட்கப்படவும் இல்லை.

சுரூபத்துக்குப் பூ வைக்க வந்த இன்னாசிப்பிள்ளையை மெல்லப் பிடித்தாள். மாதா ஊர்வலமெல்லாம் அவர் பொறுப்பில்தான் நடக்கும்.

"இன்னாசி அண்ண, இந்த முறை ரோட்டுக்கு அந்தப் பக்கத்தால கொண்டு போனா என்ன?"

அவர் தலையைச் சொறிந்தார். "மாதா ஒரு வீட்டத் தாண்டிப் போனதா நான் கேள்விப்பட்டதில்ல, டீச்சர்."

"அப்ப நீங்களே கொண்டுபோய்க் குடுங்க."

"அது உங்கட கையாலதான் நடக்கவேணும்" என்று சொல்லிக்கொண்டே அவர் படலையைத் தாண்டிவிட்டார். நல்ல மனுஷன்தான். இக்கட்டான இடத்தில் நிற்க மட்டும் அவருக்கு வராது.

பின்னேரம் வீடு நிறைந்தது. வாசகத்தை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. கோவிலில் குறித்துக் கொடுத்தது. தன் ஒரே மகனைக் கொடுக்கும் அளவுக்குக் கடவுள் உலகத்தை நேசித்தார் என்கிற பகுதி. எத்தனை வருஷமாக ஞாயிறு வகுப்பில் அவள் இதைப் படிப்பித்திருக்கிறாள்! எவ்வளவு நேசித்தார் என்று கேட்டால் பிள்ளைகள் இரண்டு கையையும் அகல விரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டு விரிப்பாள்.

வாசித்து முடித்து நிமிர்ந்தபோது எல்லாரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவர் குடுத்தார்" என்றாள். "நான் குடுக்கல்ல. என்னட்ட இருந்து பறிச்சது. மகன் மூண்டாம் நாள் எழும்பி வருவான் எண்டு அவருக்குத் தெரியும். எனக்கு அப்பிடி ஒருத்தரும் சொல்லயில்ல. இதுக்கு மேல எனக்கு விளக்கம் தெரியாது."

யாரோ செருமினார்கள். பாட்டுத் தொடங்கவேண்டிய இன்னாசிப்பிள்ளை செருப்பைத் தேடினார். கத்தரினா ஒருவருக்கும் காத்திராமல் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். சனம் மெழுகுதிரிகளை அணையாமல் பொத்திக்கொண்டு பின்னால் ஓடியது.

பீற்றர் வீட்டு வாசலில் அவன் மனைவி அனுஷ்கா மட்டும் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அவர் வரமாட்டாராம், டீச்சர். தன்ட கை மாதாவில படக்கூடாதாம். நான் வாங்குறன்."

கத்தரினாவுக்கு மனம் குளிர்ந்தது. இதைத்தானே அவள் கேட்டாள்? ஊரே கேட்க அவனே மனைவியிடம் சொல்லி அனுப்பிவிட்டான். அனுஷ்காவின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினால் முடிந்தது கதை. ஆனால் கை நீளவில்லை. படிப்பித்துப் படிப்பித்துப் பழகிய புத்தி, வேண்டாத நேரத்தில் வேலை செய்தது. உலகம் என்றால் யார் என்று பிள்ளைகள் கேட்டால், எல்லாரும்தான் என்று சட்டென்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனவள் அவள். அந்த எல்லாருக்குள்ளும் பீற்றர் இருப்பான் என்று யார் கண்டது? கடவுள் தன் மகனை நல்லவர்கள் கையிலா கொடுத்தார்? கொல்லப்போகிற கைகளில், தெரிந்தே கொடுத்தார். என்ன தகப்பன் இவர்! அவளுக்குக் கடவுள் மீது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"பீற்றர்!" என்று கத்தினாள். "வெளிய வா. எனக்குக் கை உளையுது."

பிறகு அவன் வந்தான். தாடி வளர்ந்து ஆளே உருக்குலைந்திருந்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படியில் நின்றான்.

"டீச்சர், நீங்க வாசிச்சது எனக்கு வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது" என்றான். "அதில சொல்லுற நேசம் எனக்குமா? நீங்க படிப்பிக்கிறவங்க. இல்லயெண்டா இல்லயெண்டு சொல்லுங்க. நான் உள்ள போறன்."

இல்லை என்று ஒரு சொல் போதும். வேத விஷயத்தில் அவள் சொன்னால் அந்த ஊரில் மறுபேச்சு இல்லை. அவன் நம்பிவிடுவான், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான், பிறகு வெளியே வரவே மாட்டான். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"உன்ன விட்டுட்டு மத்தாக்களத்தான் நேசிச்சார் எண்டு வேதத்தில எழுதியிருந்தா எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்திருக்கும்" என்றாள். "மகன் போன நாளில இருந்து தேடித் தேடிப் பாக்கிறன், பீற்றர். அப்பிடி ஒரு இடத்திலயும் இல்ல." சுரூபத்தை அவன் பக்கம் நீட்டினாள். "பிடி."