பதினேழாம் எண் டோக்கன்

1

பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சுற்றறிக்கையிலிருந்து பிறந்தது. "பெப்பர் ஸ்பிரே போன்ற தற்காப்புப் பொருட்களை மாணவர்கள் பல்கலைக்கழக வளாகத்துக்குள் கொண்டுவரக் கூடாது, வாசலில் ஒப்படைத்து டோக்கன் பெற்றுக்கொள்ள வேண்டும்." எழுதியவன் நான்தான். பதிவாளர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஒழிந்த நேரத்தில் கதை எழுதுபவன். அந்த வாக்கியத்தில் ஒரு பிழை இல்லை என்று அன்றைக்குப் பெருமை வேறு.

(காரணமில்லாமல் எழுதவில்லை. வகுப்பில் எவனோ விளையாட்டுக்கு ஸ்பிரே அடித்துவிட, ஆஸ்துமா உள்ள பெண் ஒருத்தி நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். இதை எதற்குச் சொல்கிறேன்? என் பக்கம் நியாயம் சேர்க்கத்தான்.)

2

முதல் தொடக்கம்: "மாலை ஐந்து மணிக்கு, நூலகத்தின் பின்படியில் அவள் இறங்கிக்கொண்டிருந்தபோது..."

வேண்டாம். அவள் பட்ட வலியை வைத்து நான் நல்ல தொடக்கம் தேடுவது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. நடந்தது இதுதான். அவள் ஆராய்ச்சி மாணவி, வளாகத்துக்குள்ளேயே விடுதியில் தங்கியிருந்தவள். கூடப் படிப்பவன் ஒருவன் மாதக்கணக்கில் பின்னால் திரிந்தான். அன்று வழிமறித்துப் படியிலிருந்து தள்ளிவிட்டான். மணிக்கட்டு முறிந்தது. அவளுடைய ஸ்பிரே வாசலில், காவலர் அக்காவின் பிஸ்கட் டப்பாவுக்குள்* இருந்தது. வெளியே போகும்போதுதான் திருப்பித் தருவார்கள். ஆபத்தெல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம் என்று நான் நினைத்திருந்தேன்.

* டப்பாவின் மூடியில் ஒரு குழந்தை சிரிக்கிறது. இதை வைத்துக் குறியீடு எதுவும் பண்ண மாட்டேன், பயப்படாதீர்கள்.

3

இரண்டாவது பிரதியில் ஸ்பிரே அவள் கையில் இருந்தது. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடினான். சினிமா. கிழித்துப் போட்டேன். மூன்றாவதில் அவன் அதைப் பிடுங்கி அவள் முகத்திலேயே அடித்தான். இது நன்றாக வந்திருந்தது. ஏன் நன்றாக வந்தது என்று யோசித்தேன். இதில் நான் தப்பித்துவிடுகிறேன்.

நான்காவதில் பழியைக் காவலர் அக்கா தலையில் கட்டினேன். அவரிடமே வாசித்தும் காட்டினேன், என் புத்தியைப் பாருங்கள்.

"அந்தப் பொண்ணு 'எனக்கு உள்ளதான்க்கா பயமா இருக்கு'ன்னு சொல்லிச்சு சார். உங்க பேப்பரைக் காட்டித்தான் வாங்கி வச்சேன். எழுதுறதுன்னா உங்களையும் சேர்த்து எழுதுங்க."

அப்படித்தான் நான் இந்தக் கதைக்குள் வந்தேன்.

4

நேற்று அவளுடைய அப்பா வந்தார். பேருந்து ஓட்டுநர்; வேலை முடிந்து சீருடையோடே வந்திருந்தார். பதினேழாம் எண் டோக்கனை என் மேசைமேல் வைத்தார்.

"இதைக் கொடுத்தா அந்தப் பொருளைத் தருவாங்கன்னு பாப்பா சொல்லிச்சு."

டப்பாவை வரவழைத்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் நகரவில்லை.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கீங்க. அவனும் வருவான்ல சார்?"

"வருவான்."

"அப்ப இது அவ கையில இருக்கலாமா?"

[இங்கே நான் "இருக்கட்டும்" என்று சொன்னதாக மூன்று முறை எழுதி, மூன்று முறையும் அடித்தேன்.]

"விதிப்படி... வாசல்ல கொடுத்துடணுங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஸ்பிரேயை டப்பாவுக்குள் திரும்ப வைத்துவிட்டு டோக்கனை எடுத்துக்கொண்டார்.

"எப்படியும் திங்கக்கிழமை வாங்கத்தானே போறீங்க, இங்கயே இருக்கட்டும். இதை மட்டும் எடுத்துட்டுப் போறேன். வெறுங்கையோட போனா பாப்பா கேக்கும்."

5

முடிவு ஒன்றில் அவள் வருகிறாள். வெறுங்கையோடு அவன் எதிரே உட்கார்ந்து, நடந்ததைச் சொல்ல வாயைத் திற

இன்னொன்றில் அவள் வரவில்லை. வராவிட்டால் புகார் தள்ளுபடியாகும். அவன் செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போவான். இரண்டில் எதையும் எழுதி முடிக்க எனக்குக் கை வரவில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், கீழே இடம் விட்டிருக்கிறேன்.

இன்று சனிக்கிழமை. சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்த்துப் பதிவாளர் மேசையில் வைக்க எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது. காலையிலிருந்து இந்தக் கதையைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.