காது எட்டிய நாள்

சனாத்துவுக்கு எத்தனை வயது என்று அவள் அம்மாவுக்கே திட்டமாகத் தெரியாது. பெரிய மழைக்கு முன்பு பிறந்தாளா, பின்பா என்று அந்த வீட்டில் இன்னும் சண்டை உண்டு. பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு அதெல்லாம் வேண்டாம். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் பெயர் எழுதிக்கொள்வார். இரண்டு வருஷமாக, பாவம், அவள் விரல் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது.

தண்ணீர் சுமக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் கை தலைமேல்தான். ஆடு ஓட்டும்போதும் இழுப்பாள், கம்பங்கொல்லையில் குருவி விரட்டும்போதும் இழுப்பாள்.

"அக்கா, பேசாம காதை மேல இழு. அதுதான் சுலபம்" என்பான் தம்பி நெயின்டோ.

அன்று காலை கொல்லையில் நின்று இழுத்தபோது நடுவிரல் நுனியில் மெத்தென்று பட்டது. காது. திரும்ப இழுத்தாள், திரும்பவும் பட்டது. குருவிகளுக்கே கம்பை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

முற்றத்தில் முதுகில் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டு லாமிசி அத்தை உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் அக்கா, தெற்கே குமாசிப் பட்டணத்தில் சோற்றுக்கடை வைத்திருப்பவள். அந்த ஊர் வழக்கப்படி, தம்பி மகளை வளர்க்கக் கேட்டு அழைத்துப்போவது அத்தைக்குள்ள உரிமை. மாட்டேன் என்று சொல்ல எந்தத் தம்பிக்கும் வாய் வராது. சாக்கு வேண்டுமானால் சொல்லலாம்.

"இன்னும் சின்னப்புள்ளக்கா அவ" என்றார் அப்பா.

"போன வருஷமும் இதையேதான் சொன்னே, யிதானா. உன் வீட்டுல ஆடு மட்டுந்தான் வளரும் போல."

"கை காதுக்குக்கூட எட்டல அண்ணி" என்றாள் அம்மா, களியைக் கிண்டிக்கொண்டே. "வாத்தியாரே ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாரு."

அப்போதுதான் சனாத்து மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"அம்மா, எட்டிடுச்சு. அத்தை, நீங்களும் பாருங்க."

காதைத் தொட்டபடி நடு முற்றத்தில் நின்றாள். களி அடிபிடிக்கும் வாசனை வந்தது.

அத்தை எழுந்து வந்து அவள் தோளை அமுக்கிப் பார்த்தாள். கெட்ட மனுஷி இல்லை, கடைக்கும் குழந்தைக்கும் நடுவே கிடந்து அல்லாடுகிறவள்.

"நல்லா வளர்ந்துட்டியே கண்ணு. தம்பிப் பாப்பாவைத் தூக்கிக்குவ இல்ல?"

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல பேரு எழுதணும், அத்தை."

"அங்கயும் பள்ளிக்கூடம் இருக்கு. பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' எங்கே போய் முடியும் என்று, போய்த் திரும்பிய பெண்களைக் கண்ட அந்த ஊருக்குத் தெரியும்.

"அக்கா..." என்று ஆரம்பித்தார் அப்பா.

"சொல்லு."

"ஒண்ணுமில்ல. லாரி எத்தனை மணிக்கு?"

அம்மா சட்டியை இறக்கவே இல்லை.

மறுநாள் காலை லாரி பள்ளிக்கூடத்தைத் தாண்டியது. பிள்ளைகள் தலைமேல் கையை வளைத்து வரிசையில் நின்றிருந்தார்கள். கடைசியில் நெயின்டோ. எட்டாமல், இன்னொரு கையால் காதை மேலே இழுத்துக்கொண்டிருந்தான்.

கையைத் தூக்கி அவனுக்குக் காட்ட நினைத்தாள் சனாத்து. அந்தக் கையில்தான் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.